அமோ வந்த வெள்ளிக்கிழமை

2019 ஜனவரி 25, வெள்ளிக்கிழமை. நான் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. வாரக் கடைசியில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. எனக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, கீரை. எனக்கு இடது பக்கம் பாத்திரத் தொட்டி. அந்தத் தொட்டியில் நின்றவன் அந்த ஊர்க்காரன், என்னைவிட இரண்டு வயது பெரியவன். முதல் நாளே என்னை 'லவ்' என்று கூப்பிட்டான். அந்த ஊரில் ஆணும் பெண்ணும் பஸ் டிரைவரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

அவனுடைய வலது முன்கையில் ஒரு பச்சை. வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பூ மாதிரி விரியும் கோலம். சோப்பு நுரைக்குள் போய்விட்டு வெளியே வரும்போதெல்லாம் அது பளபளக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் அதைப் பார்த்து, "செம்பிடெர்னல்?" என்றேன். கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினான். இந்தியாவிலிருந்து வந்த ஒருவனுக்கு அவன் ஊர் பேண்டின் ஆல்பம் அட்டை தெரியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

பிரிங் மீ த ஹொரைசன் அந்த ஊரில் 2004இல் தொடங்கிய பேண்டு. பாடகர் ஆலி சைக்ஸும் டிரம்மர் மேட் நிக்கல்ஸும் படித்த ஸ்டாக்ஸ்பிரிட்ஜ், ஷெஃபீல்டுக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தாக்கில் எஃகு ஆலையைச் சுற்றி வளர்ந்த சின்ன ஊர். அந்த பேண்டின் ஆறாவது ஆல்பம் 'அமோ' அந்த வெள்ளிக்கிழமை வெளிவந்தது. போர்த்துகீசிய மொழியில் 'நான் நேசிக்கிறேன்' என்று பொருள். மாலை ஆர்டர்கள் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. அவன் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தான். எண்ணெயும் தண்ணீரும் படாமல் இருக்க அதன் மேல் க்ளிங் ஃபிலிம் சுற்றியிருப்பான். பாட்டைப் போட்டான்.

முதல் பாட்டு மெதுவாகக் கரையும் சிந்தசைசர். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது 'மந்திரா', முந்தைய ஆகஸ்டிலேயே கேட்டது, அதில் கிட்டார் உண்டு, தலையை ஆட்டினான். மூன்றாவது பாட்டு வந்தது. 'நிஹிலிஸ்ட் ப்ளூஸ்'. நடனக் கூடத்தில் ஓடுவது போன்ற நேர் அடி, அதற்கு மேல் குளிர்ந்த சிந்த், நடுவில் கிரைம்ஸ் என்ற கனடாப் பாடகியின் மெல்லிய உச்சக் குரல். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அவன் ஈரக் கையால் தொடாமல் முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கி நிறுத்தினான்.

"இது என் பேண்டு இல்லை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் யாரோ இறந்துவிட்ட மாதிரி சொன்னான். எனக்கோ அந்த நேரத்தில் கையிலிருந்த கத்தி நின்றுபோயிருந்தது. அந்தப் பாட்டு அப்படிப் பிடித்துப்போயிருந்தது.

ஆறடி இடைவெளியில் நின்ற இரண்டு ரசிகர்களுக்கு ஒரே பாட்டு ஒரே நேரத்தில் செய்த வேலை அது. அந்த ஆல்பத்தைப் பற்றி உலகம் முழுக்க நடந்த சண்டையும் இதுதான். பிரிட்டனில் அந்த பேண்டுக்கு முதல் முறையாக நம்பர் 1 இடம் கிடைத்ததும் அதில்தான், பழைய ரசிகர்கள் பலர் கையை உதறிவிட்டுப் போனதும் அதில்தான். அடுத்த வருடம் கிராமி விருதில் சிறந்த ராக் ஆல்பத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் அது இருந்தபோது, 'ராக்கா? இதுவா?' என்று கேட்டவர்கள் உண்டு. இந்தச் சண்டையை நான் பல வருடமாக மனசுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2010 கடைசி. இன்ஜினியரிங் மூன்றாவது செமஸ்டர். அந்த அக்டோபரில் அப்பா போய்விட்டார். ஊருக்குப் போய்க் காரியங்கள் எல்லாம் முடித்துவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். வீட்டில் அம்மாவும் அத்தைகளும் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆம்பிளைகள் பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. வரவே இல்லை. ஹாஸ்டலில் ரூம்மேட்டின் ஹார்ட் டிஸ்கில் 'மெட்டல்' என்று ஒரு ஃபோல்டர். ஒரு ராத்திரி அதிலிருந்து இதே பேண்டின் 'தேர் இஸ் எ ஹெல்' என்று தொடங்கும் நீளமான பெயருள்ள ஆல்பத்தைத் திறந்தேன். முதல் பாட்டிலேயே அந்த மனிதன் தொண்டை கிழியக் கத்தினான். என்ன வார்த்தை என்று ஒன்றும் புரியவில்லை. எனக்குப் பதிலாக ஒருவன் கத்துகிறான் என்பது மட்டும் புரிந்தது. இயர்போன் மாட்டிக்கொண்டு போர்வைக்குள் கிடந்தேன், காலையில் தலையணை நனைந்திருந்தது.

அதனால்தான், 'கத்துறதெல்லாம் ஒரு பாட்டா' என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அது என்ன வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். தொட்டியில் நின்றவனின் துக்கமும் எனக்கு அதனாலேயே புரிந்தது.

அதே முதல் பாட்டு 'க்ரூசிஃபை மீ' பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் கவனிக்காதது. அதில் லைட்ஸ் என்ற இன்னொரு கனடாப் பாடகியின் குரலை வெட்டி ஒட்டித் துண்டு துண்டாக ஓட விட்டிருப்பார்கள். பின்னணியில் எலக்ட்ரானிக் இழைகள் ஓடும். அதாவது, நான் அழுத பாட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கும் முன்னால், 2008இல் வந்த 'சூசைட் சீசன்' ஆல்பத்தை அடுத்த வருடமே ரீமிக்ஸ் செய்து தனி ஆல்பமாக வெளியிட்டார்கள். அதில் ஒரு பாட்டை ரீமிக்ஸ் செய்தவர் ஸ்கிரில்லெக்ஸ், பெரிய பெயர் எடுப்பதற்கு முன்னால். அவரும் ஒரு போஸ்ட் ஹார்ட்கோர் பேண்டில் பாடிக்கொண்டிருந்துவிட்டு எலக்ட்ரானிக் பக்கம் போனவர்.

இதை அவனிடம் சொன்னேன். "ரீமிக்ஸ் வேற, ஆல்பம் வேற" என்றான். அவன் சொன்னதும் சரிதான். பக்கத்து அறையில் விளையாட்டாகச் செய்து பார்ப்பதற்கும் அதையே கூடத்துக்குக் கொண்டுவருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கூடத்துக்கு அது வந்தது 2013இல், 'செம்பிடெர்னல்' ஆல்பத்தில். அவன் கையில் குத்தியிருந்தது அந்த அட்டைதான். கீபோர்டு வாசிக்க ஜோர்டன் ஃபிஷ் பேண்டில் சேர்ந்து வந்த முதல் ஆல்பம். சைக்ஸ் கெட்டமின் என்ற போதைமருந்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டு வந்து எழுதிய ஆல்பமும் அதுவே. மறு வருடம் ஒரு விருது மேடையில் அதைத் தானாகவே எல்லார் முன்னாலும் சொன்னார். அதில்தான் அவர் கத்துவதோடு பாடவும் தொடங்கினார். அதன் முதல் பாட்டு 'கேன் யூ ஃபீல் மை ஹார்ட்' எப்படித் தொடங்குகிறது? கிட்டார் இல்லை, டிரம் இல்லை. குரல் போலவும் குழல் போலவும் ஒரு சிந்த் ஒலி விக்கி விக்கி ஏறுகிறது. அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்து விழுகிறது.

ஆக, அவன் தோலில் இருப்பதே எலக்ட்ரானிக் ஒலியில் தொடங்கும் ஒரு ஆல்பம். அப்படியானால் அவன் 2019இல் எதை வேண்டாம் என்றான்? சிந்தசைசரை இல்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேறு என்னவென்றுதான் தெரியவில்லை.

ஷெஃபீல்டில் கெல்லம் ஐலண்ட் என்று பழைய ஆலைப் பகுதி ஒன்று உண்டு. சைக்ஸும் அந்தப் பக்கம்தான் 2018இல் ஒரு சைவ பார் திறந்தார். அங்கே ஒரு தொழிற்சாலை அருங்காட்சியகம். அதில் ரிவர் டான் எஞ்சின் என்று ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. 1905இல் அந்த ஊரிலேயே செய்தது. 12,000 குதிரை சக்தி. போர்க்கப்பல்களுக்கான கவசத் தகடுகளை உருட்டித் தட்டையாக்கச் செய்தது. பார்வையாளர்களுக்காக அதை ஓட்டிக் காட்டினார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் அவன்தான் என்னைக் கூட்டிப்போனான். எல்லாப் பள்ளிக்கூடங்களும் பிள்ளைகளைக் கூட்டிவரும் இடம், அவனும் சின்ன வயதில் வந்திருக்கிறான்.

மூன்று சிலிண்டர், மூன்று மாடி உயரம் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு நிற்கிறது. முதலில் சீறல். அப்புறம் மெதுவாக ஒரு சுற்று. அப்புறம் வேகம். காதில் விழுவதற்கு முன்னால் பாதத்தில் ஏறுகிறது அந்த அதிர்வு. முழு வேகத்தில் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எதிர்ப்பக்கம் திருப்புகிறார்கள். தகட்டை முன்னும் பின்னும் உருட்ட அது தேவை. திரும்பும் அந்த நொடியில் எல்லாம் நின்று, மறுபடி இரட்டை பாரத்தோடு விழுகிறது. என் பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் அவள் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் அவனைப் பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒன்றேதான் தோன்றியிருக்க வேண்டும்.

"பிரேக்டவுன்" என்றான்.

அந்த பேண்டு தொடக்கத்தில் வாசித்த டெத்கோர் என்ற கனமான மெட்டல் வகையில் பிரேக்டவுன் என்பது இதுதான். டிரம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கும், தாழ்த்திச் சுருதி கூட்டிய கிட்டார்கள் ஒன்றாக அடியோடு அடியாக விழும். கூட்டம் முழுக்க அதற்காகக் காத்திருக்கும். எலக்ட்ரானிக் இசையில் ட்ராப் என்று சொல்கிறார்களே, அதன் எலும்புக்கூடும் இதுவேதான். ஏற்றிக்கொண்டே போவது, ஒரு கணம் வெறுமை, பிறகு அடித்தட்டு ஒலியோடு பாதி வேகத்தில் விழுவது. டப்ஸ்டெப் என்ற எலக்ட்ரானிக் வகை கேட்கும் பிள்ளைகளும் டெத்கோர் கேட்கும் பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் குதிக்கிறார்கள். மெட்டல்காரர்களுக்கு எலக்ட்ரானிக் பக்கம் போவது பார்ப்பவர்கள் நினைக்கும் அளவுக்குத் தூரப் பயணம் இல்லை.

அதுவும் இந்த ஊரில்! கேபரே வால்டேர் என்ற பேண்டு 1973இல் டேப்பையும் கையில் கிடைத்த மின் கருவிகளையும் வைத்துச் சத்தம் பண்ணத் தொடங்கியது இங்கேதான். ஹியூமன் லீக் என்ற எலக்ட்ரானிக் பாப் பேண்டு 1977இல் தொடங்கியது இங்கேதான். வார்ப் என்ற இசை வெளியீட்டு நிறுவனம், 1989இல் இங்கேதான் ஒரு இசைத்தட்டுக் கடையிலிருந்து வளர்ந்து உலகத்துக்கே எலக்ட்ரானிக் இசையை அனுப்பியது. ராத்திரியில் ஆலைச் சம்மட்டிகள் விழும் சத்தம் கேட்டு வளர்ந்தோம் என்று இந்த ஊர்க் கலைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். மெட்டலும் இங்கே உண்டு. டெஃப் லெப்பர்ட் இந்த ஊர்க்காரர்கள். அவர்களுடைய டிரம்மர் ரிக் ஆலனுக்கு 1984 டிசம்பர் 31 அன்று ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் நடந்த கார் விபத்தில் இடது கை போய்விட்டது. அவர் பேண்டை விடவில்லை, பேண்டும் அவரை விடவில்லை. இடது கை அடிக்க வேண்டியதை இடது காலால் அடிக்கிற மாதிரி எலக்ட்ரானிக் டிரம் செட் செய்துகொடுத்தார்கள். 1987இல் வந்த 'ஹிஸ்டீரியா' இரண்டு கோடிப் பிரதிகள் அளவில் விற்றது. ஒரு மனிதன் தொடர்ந்து வாசிக்க முடிந்ததே மின்சாரத்தால்தான். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எலக்ட்ரானிக் ஒலியை மெட்டலுக்கு அந்நியம் என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் அருங்காட்சியகத்திலிருந்து டிராம் நிறுத்தத்துக்கு நடந்த வழியில் நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். முடிந்ததும் சொன்னான்: "எல்லாம் சரி. ஆனா நான் இழந்தது அது இல்லை."

அப்புறம் அவன் பேசினான்.

அவனுக்குப் பதினாறு வயதில், பேண்டின் முதல் ஆல்பம் 'கவுன்ட் யுவர் பிளெஸ்ஸிங்ஸ்' வந்த புதிதில், இருநூறு பேர் நிற்கும் ஒரு இடத்தில் அவர்களைப் பார்த்திருக்கிறான். வீட்டில் அப்போது சண்டை. பள்ளியில் யாரோடும் பேச மாட்டான். அன்றைக்கு மாஷ் பிட்டில், மேடைக்கு முன்னால் முட்டி மோதிக் குதிக்கும் கூட்டத்துக்குள், கீழே விழுந்தான். விழுந்த நொடியில் நான்கு பக்கத்திலிருந்து நான்கு கை வந்து தூக்கி நிறுத்தின. தூக்கியவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, மறுபடி குதிக்கப் போய்விட்டார்கள். "யாரும் விழுந்தா தூக்கணும், அதுதான் அங்கே ஒரே சட்டம். என்னை அதுக்கு முன்னால யாரும் அப்படித் தூக்கினதில்லை" என்றான். இப்போது அதே பேண்டு பெரிய அரங்கங்களில் பாடுகிறது. 'மதர் டங்' மாதிரி பாட்டுக்குக் கைகளில் போனை உயர்த்திக்கொண்டு எல்லாரும் ஒரே இடத்தில் நின்று அசைகிறார்கள். யாரும் விழுவதில்லை. யாரும் தூக்கவும் வேண்டியதில்லை.

டிராம் வந்துவிட்டது. நான் ஏறவில்லை. அடுத்த டிராமுக்கு நிற்கலாம் என்றேன்.

ஒரு பேண்டு மாறும்போது பழைய ரசிகன் சத்தம் போட்டால் உடனே 'இவனுக்கு வளர்ச்சி பிடிக்காது, பழசையே கட்டிக்கொண்டு அழுகிறான்' என்று சொல்லிவிடுகிறோம். பழைய ரசிகனும் பதிலுக்கு 'காசுக்கு விலைபோயிட்டானுங்க' என்று சொல்லிவிடுகிறான். இரண்டும் அவசரப் பேச்சு. மெட்டல் கச்சேரி ஒரு இடம். மேடையில் மனித உடம்பு அதன் எல்லைவரை போவதைக் கீழே இருக்கிற உடம்புகள் கூடவே செய்துபார்க்கும் இடம். டிரம்மரின் கை வலிக்கும். பாடகரின் தொண்டை தேயும். அந்த வலி கீழே நிற்பவனுக்குத் தெரியும், அதனால்தான் அவன் அதை நம்புகிறான். 'அமோ'வில் சில பாட்டுகளில் டிரம் ஒலி இயந்திரத்திலிருந்து வருகிறது. இயந்திரத்துக்குக் கை வலிக்காது. அவன் இழந்தது அந்த வலியை. அது நிஜமான இழப்பு. அதை யாரும் கேலி செய்யக் கூடாது.

பேண்டே கேலி செய்தது என்பதுதான் எனக்கு வருத்தம். அந்த ஆல்பத்தில் பன்னிரண்டாவது பாட்டின் பெயர் 'ஹெவி மெட்டல்'. இது மெட்டல் இல்லை என்று குறை சொல்லும் ரசிகர்களுக்குப் பதிலாக எழுதிய பாட்டு. ராசெல் என்ற பீட்பாக்ஸ் கலைஞர் வாயாலேயே தாளம் போடுவார். கடைசியில் சில நொடி மட்டும் பழையபடி கத்திவிட்டு முடித்துவிடுவார்கள். பிட்டில் விழுந்து எழுந்த ஒரு பையனுக்கு இதுவா பதில்? எனக்கு இன்றுவரை அந்தப் பாட்டோடு உடன்பாடு இல்லை. ஆல்பத்தை முழுசாகப் போடும்போதும் அதைத் தாண்டிவிடுவேன். அவர்களுக்கும் காயம் பட்டிருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. 2006இல் முதல் ஆல்பம் வந்தபோதே 'தலைமுடியும் டைட் பேண்டும்தான் இருக்கு, இதெல்லாம் மெட்டலா' என்று மெட்டல் உலகத்துப் பெரியவர்கள் அவர்களைத் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த வயதில் அவர்களுக்காக நின்று வாதாடியவர்கள் இவனைப் போன்ற பதினாறு வயதுப் பிள்ளைகள்தான்.

சரி, அப்படியானால் 'நிஹிலிஸ்ட் ப்ளூஸ்' எனக்கு ஏன் பிடித்தது?

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. ஷெஃபீல்டு ஏழு குன்றுகளின் மேல் கட்டிய ஊர் என்பார்கள், என் அறை அதில் ஒன்றின் உச்சியில். பனி கலந்த காற்று. இயர்போனை மாட்டிக்கொண்டு ஏறினேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டை மூன்று முறை போட்டேன். அந்த நேர் அடி நிற்பதே இல்லை. எதன் மேலும் கோபமில்லை, யாரையும் அடிக்கவில்லை, ஆனால் நிற்கவும் விடவில்லை. குரல்கள் இரண்டும் எங்கோ உயரத்தில் தொலைந்துபோன மாதிரி ஒன்றையொன்று தேடுகின்றன. 2010இல் எனக்குப் பதிலாகக் கத்த ஒருவன் தேவைப்பட்டான். 2019இல், ஊரை விட்டு, கடன் வாங்கி, குளிரில், கை முழுக்க வெங்காய வாடையோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தவனுக்குக் கத்தல் தேவைப்படவில்லை. காலைத் தூக்கி வைக்கச் சொல்லும் ஒரு அடி தேவைப்பட்டது. அதை அந்தப் பாட்டு கொடுத்தது.

அந்த ஆல்பத்திலேயே மிக அதிகமாக எலக்ட்ரானிக் ஆன பாட்டுகளில் ஒன்று அது. ஆனால் என் காதுக்கு அதிலேயே கனமான பாட்டும் அதுதான். இருட்டு அதில் நிஜமாக இருக்கிறது. அதற்கு மாறாக, 'மெடிசின்' மாதிரி பாட்டுகள் எனக்கு வெறுமையாகப் படுகின்றன. யாரையும் தொந்தரவு செய்யாமல் வானொலியில் ஓட வேண்டும் என்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அவனுக்கும் அதே பாட்டுகள்தான் பிடிக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. நாங்கள் உண்மையில் சண்டை போட்டது ஒரே ஒரு பாட்டுக்காக. மற்றபடி நானும் அவனும் வேண்டாம் என்று தள்ளியவை கிட்டத்தட்ட ஒன்றே. அவன் அவற்றைக் கிட்டார் இல்லாததால் தள்ளினான், நான் துணிச்சல் இல்லாததால் தள்ளினேன். கிட்டார் எங்கே போனது என்று கேட்பதைவிட, பாட்டு எங்கே பயந்தது என்று கேட்டால் இந்தச் சண்டையில் பாதி அடங்கிவிடும் என்று நான் நம்புகிறேன். 2015இல் வந்த 'தட்ஸ் த ஸ்பிரிட்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம் பிடித்தது, அதில் கிட்டாருக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அதில் பாதுகாப்பாக விளையாடிய பாட்டுகள் நிறைய.

இதே சண்டை வேறு பேண்டுகளுக்கும் நடந்திருக்கிறது. அதே யார்க்‌ஷயரில், ஹாலிஃபாக்ஸ் ஊரின் பாரடைஸ் லாஸ்ட், டூம் மெட்டல் என்ற மெதுவான, கனமான வகையில் பேர் வாங்கிவிட்டு 1999இல் 'ஹோஸ்ட்' என்று கிட்டாரை ஒதுக்கி, சிந்தசைசரை முன்னால் வைத்த ஒரு ஆல்பம் போட்டது. ரசிகர்கள் அதிர்ந்துபோனார்கள். பின்னாட்களில் பேண்டு கனமான ஒலிக்கே திரும்பியது. ஆனால் அதன் பாடகரும் கிட்டார் கலைஞரும் 2023இல் தனியாக ஒரு எலக்ட்ரானிக் ஆல்பம் போட்டபோது அந்த முயற்சிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ஹோஸ்ட். அந்த ஆல்பத்தை அவர்கள் மனசுக்குள் கைவிடவே இல்லை.

லிங்கின் பார்க் பற்றி எழுத இன்னும் எனக்குக் கை வராது. 2017 மே மாதம் 'ஒன் மோர் லைட்' வந்தது. முழுக்க மென்மையான பாப். அதற்கு வந்த வசவுகளைப் படித்திருக்கிறேன், ஒன்றிரண்டுக்கு நானும் தலையாட்டியிருக்கிறேன். ஜூலை 20 அன்று அந்த பேண்டின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்துபோனார். அதற்கப்புறம் அந்த ஆல்பத்தைப் போட்டேன். அதே பாட்டுகள். அவர் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, கத்தவில்லை என்பதற்காக நாங்கள் கேட்காமல் விட்டிருந்தோம்.

ஷெஃபீல்டுக்குத் திரும்புகிறேன். நான் 2019 கடைசியில் ஊர் வந்து சேர்ந்தேன். மறு வருடம் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டோம். 2020 அக்டோபர் 30 அன்று பேண்டு 'போஸ்ட் ஹியூமன்: சர்வைவல் ஹாரர்' என்று ஒன்பது பாட்டுகளை வெளியிட்டது. ஊரடங்குக்குள் உருவானது. முதல் பாட்டு 'டியர் டைரி' தொடங்கிய நொடியிலேயே கத்தல், வேகம், பழைய வெறி. அன்றைக்கு எனக்கு இங்கே மாலை. அவனிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி. பேச்சே இல்லை. அவனுடைய அறையில் அந்தப் பாட்டு ஓடுகிறது, அவன் குதிக்கிறான், தரை அதிர்கிறது. கீழ் வீட்டுக்காரர் எதையோ வைத்து இடிக்கும் சத்தமும் கேட்டது. மூன்று நிமிடம் அப்படியே ஓடியது. அதை நான் இன்னும் அழிக்கவில்லை. அந்த ஆல்பத்திலும் எலக்ட்ரானிக் ஒலிக்குக் குறைவில்லை. ஆனால் பாட்டில் பயம் இல்லை, உடம்பு இருந்தது. அவனும் சிந்தசைசரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2023 டிசம்பரில் ஜோர்டன் ஃபிஷ் பேண்டை விட்டுப் போனார். அவர்தான் பேண்டைக் கெடுத்தவர் என்று வருடக் கணக்காகச் சொல்லிவந்தவர்கள், இனி பழைய பேண்டு திரும்பிவிடும் என்று நினைத்தார்கள். 2024 மே மாதம், பெரிய முன்னறிவிப்பு இல்லாமல் 'நெக்ஸ் ஜென்' வந்தது. உடைந்து சிதறும் எலக்ட்ரானிக் ஒலிகள் அதில் இன்னும் அதிகம். அதில் சில பாட்டுகள் ஃபிஷ் இருந்தபோதே வெளிவந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருந்தாலும் அவரைப் பழி சொன்னது எவ்வளவு தவறு என்று எனக்குப் பட்டது. அந்த ஆசை முதலிலிருந்தே அந்த பேண்டுக்குள் இருந்தது. 2009 ரீமிக்ஸ் ஆல்பத்தில் இருந்தது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பள்ளத்தாக்கின் ஆலைச் சத்தத்திலேயே இருந்திருக்கலாம் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

போன மாதம் நான் போகும் ஜிம்மில், கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் ஒரு போனை ஸ்பீக்கரோடு இணைத்துப் பாட்டு போட்டார்கள். சட்டென்று அந்தச் சிந்த், விக்கி விக்கி ஏறுகிறது. 'கேன் யூ ஃபீல் மை ஹார்ட்'. சில வருடங்களாக உடற்பயிற்சி வீடியோக்களிலும் மீம்களிலும் ஓடி ஓடி அந்தத் துண்டு உலகம் முழுக்கப் போய்விட்டது. ஒரு பையன் பெஞ்சில் படுத்துக்கொண்டு அந்த அடி விழும் நேரத்துக்குச் சரியாகக் கம்பியைத் தூக்கினான். பாதியில் கை நடுங்கியது. பக்கத்தில் நின்றவன் இரண்டு விரலைக் கீழே கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"இது யார் பாட்டு, தெரியுமா தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியாதுண்ணா. ரீல்ஸ்ல வரும்ல, அந்தப் பாட்டு."

அவர்கள் அனுமதியோடு பத்து நொடி எடுத்து ஷெஃபீல்டுக்கு அனுப்பினேன். தூக்கிவிட்ட அந்த இரண்டு விரல் அதில் நன்றாகவே தெரியும். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அந்தப் பையன்களுக்கு முதல் ஆல்பத்தைக் கொடு லவ், அங்கேயிருந்து தொடங்கட்டும் என்று எழுதியிருந்தான்.

பையன்கள் மறுநாள் என்னிடம் வந்து பேண்டின் பெயரைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அவன் சொன்னபடி 'கவுன்ட் யுவர் பிளெஸ்ஸிங்ஸ்' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'நிஹிலிஸ்ட் ப்ளூஸ்' என்றும் எழுதினேன். எதை முதலில் கேட்டார்கள் என்று இன்னும் விசாரிக்கவில்லை.